தோர்கோனாவிலிருந்து ஜாதவ்பூர் வரை: ராஷ்பிஹாரி கோஷும் வங்காளத்தின் கிராமத்து வக்கீல்களும்

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துக்கு முன்னோடியான தேசியக் கல்விக் கழகத்தின் முதல் தலைவர் ராஷ்பிஹாரி கோஷ். 1906இல் கழகம் தோன்றியதிலிருந்து 1921இல் இறக்கும்வரை அவரே அதன் தலைவர். பர்த்வான் ஜில்லாவின் ஒரு கிராமத்தில் பிறந்து, குத்தகை பாக்கி, அடமானம், பாகப்பிரிவினை என்று நிலத்தைச் சுற்றி எழும் வழக்குகளில் பேர் வாங்கிய வக்கீல் அவர். அந்த வழக்குகளில் ஈட்டிய பணத்தில் ஒரு பெரும் பகுதி கல்கத்தாவின் அறிவியல் கல்லூரிக்கும் ஜாதவ்பூருக்கும் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்துக் கிராமப் பின்னணியிலிருந்து ஒருவர் வக்கீலாக எழுந்தது எப்படி, அந்தத் தொழில் எதை நம்பிப் பிழைத்தது, அதன் வருமானமும் செல்வாக்கும் எங்கே போய்ச் சேர்ந்தன என்ற கேள்விகளுக்கு விடை தேட அவருடைய வாழ்க்கையைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

முதலில் பெயர்க்குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். இந்திய தேசிய ராணுவத்தோடு சேர்த்துத் தமிழர்கள் அறிந்திருக்கும் ராஷ்பிஹாரி போஸ் வேறு, இவர் வேறு. தெற்குக் கல்கத்தாவில் காளிகாட்டிலிருந்து கரியாஹாட் பக்கம் நீளும் ராஷ்பிஹாரி அவென்யூ வக்கீலின் பெயரால் அமைந்தது. புரட்சிக்காரரின் பெயரால் அல்ல. கல்கத்தாக்காரர்களிலேயே பலர் இதை மாற்றிச் சொல்வதுண்டு.

வழக்கு விளைந்த மண்

வக்கீலைப் பற்றிப் பேசுமுன் வழக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1793இன் நிரந்தர நிலவரித் திட்டம் வங்காளத்து ஜமீன்தார்களை நிலத்தின் உடைமையாளர்களாக்கி, அவர்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகையை என்றைக்கும் மாறாததாக நிர்ணயித்தது. குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் தவணை கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். இந்தப் பயத்தில் பர்த்வான் மகாராஜா ஒரு வழி கண்டுபிடித்தார். ஜமீனைத் துண்டு துண்டாகப் பிரித்து, நிரந்தரக் குத்தகையாக விட்டார். இதற்குப் பத்னி என்று பெயர். பத்னிதார் தன் பங்கை இன்னொருவருக்கு விட்டால் அவர் தர்பத்னிதார். அவரும் கீழே ஒருவருக்கு விட்டால் அவர் சேபத்னிதார். 1819இன் 8ஆம் ஒழுங்குவிதி இந்த ஏற்பாட்டுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது.

ஒரு வயலின் விளைச்சலின் மேல், உழும் குடியானவனான ரயத்துக்கும் அரசுக்கும் நடுவே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தால், சண்டை வராமல் எப்படி இருக்கும்? குத்தகை பாக்கி, குத்தகை உயர்வு, கெடு தவறிய ஏலம், எல்லைத் தகராறு என்று ஒவ்வொரு படியிலும் பிராது விளைந்தது. 1859இன் குத்தகைச் சட்டம் நெடுங்காலம் உழுதுவந்த ரயத்துகளுக்குச் சாகுபடி உரிமை கொடுத்தது. அதே சட்டம் விளைபொருளின் விலை உயர்ந்தால் குத்தகையை உயர்த்தவும் ஜமீன்தாருக்கு இடம் கொடுத்தது. எவ்வளவு உயர்த்தலாம் என்பதுதான் அடுத்த கால் நூற்றாண்டுக்கு வக்கீல்களுக்கு வேலை கொடுத்த கேள்வி. 1885இன் வங்காளக் குடிவாரச் சட்டம் வந்த பிறகும் அந்த வேலை குறையவில்லை. புதிய பிரிவுகளுக்குப் பொருள் சொல்லும் வேலை கூடிற்று.

தொழிலின் படிகள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களில் வக்கீல் தொழிலை முறைப்படுத்தியது காரன்வாலிஸின் 1793ஆம் ஆண்டு விதிகள்தாம். அரைநூற்றாண்டுக்குப் பிறகு, 1846இன் முதலாம் சட்டம், எந்த மதத்தினரும் எந்த நாட்டினரும் தகுதி இருந்தால் வக்கீலாகலாம் என்று கதவைத் திறந்தது. கட்சிக்காரரும் வக்கீலும் தங்களுக்குள் கட்டணம் பேசிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. இதற்கிடையே 1837இல் பாரசீக மொழி நீதிமன்றங்களிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. கீழ்க்கோர்ட்டுகளில் வங்காளி, மேலே ஆங்கிலம் என்றானது. பாரசீகம் கற்ற பழைய வக்கீல் குடும்பங்களின் பிடி தளர்ந்து, ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களின் கை ஓங்கியது இந்த மாற்றத்தால்தான்.

1865இன் சட்டமும் 1879இன் வழக்குரைஞர் சட்டமும் தொழிலைப் படிநிலைகளாக வகுத்தன. அடியில் முக்தியார். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜராவதும், கட்சிக்காரரின் காரியஸ்தராக நின்று ஓடியாடுவதும் அவர் வேலை. கிராமத்தான் முதலில் சந்திக்கும் சட்டம் அறிந்த மனிதர் அவர்தான். அவருக்கு மேலே முன்சீப் கோர்ட்டிலும் ஜில்லா கோர்ட்டிலும் வாதாடும் பிளீடர். அதற்கும் மேலே, பல்கலைக்கழகச் சட்டப் பட்டம் பெற்று ஹைகோர்ட்டில் பதிந்துகொண்ட வக்கீல். உச்சியில் லண்டனில் படித்துத் திரும்பிய பாரிஸ்டர்.

1862இல் கல்கத்தா ஹைகோர்ட் உருவானபோது வக்கீல், பாரிஸ்டர் என்ற பிளவு கட்டிடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. பழைய சுப்ரீம் கோர்ட்டின் வாரிசான அசல் வழக்குப் பிரிவு பாரிஸ்டர்களுக்கே உரியதாயிற்று. கம்பெனியின் உயர் சிவில் நீதிமன்றமான சதர் திவானி அதாலத்தின் வாரிசான மேல்முறையீட்டுப் பிரிவில் மட்டுமே வக்கீல்கள் பேசலாம். மதராஸ் ஹைகோர்ட்டில் வக்கீல்கள் அசல் பிரிவிலும் சீக்கிரமே அனுமதிக்கப்பட்டார்கள்; கல்கத்தா பாரிஸ்டர்கள் தங்கள் வேலியை 20ஆம் நூற்றாண்டிலும் விட்டுக்கொடுக்கவில்லை. கல்கத்தா நகரத்து வணிகர்களின் கொழுத்த வழக்குகள் பாரிஸ்டர்களுக்குப் போக, ஜில்லாக்களிலிருந்து வரும் நில வழக்குகள் வக்கீல்களுக்கு வந்தன. பாகுபாடு என்னவோ அவமானம்தான். ஆனால் கிராமத்து நிலம், இந்து சட்டம், குத்தகை வழக்கம், வங்காளி ஆவணங்கள் இவற்றில் வக்கீல்களை யாரும் மிஞ்ச முடியாதபடி செய்ததும் அதே பாகுபாடுதான்.

ஒரு கிராமத்து வழக்கு மேலே ஏறும் பாதையைப் பார்த்தால் இது விளங்கும். முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பு. ஜில்லா ஜட்ஜிடம் முதல் அப்பீல். பிறகு சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும் ஹைகோர்ட்டுக்கு இரண்டாம் அப்பீல். 10,000 ரூபாய்க்குக் குறையாத மதிப்புள்ள வழக்கென்றால் அதற்கும் மேலே லண்டன் பிரிவி கவுன்சில். ஒவ்வொரு படியிலும் ஆவணங்கள் வங்காளியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்து அச்சிடப்பட்டன. ஒவ்வொரு படியிலும் கோர்ட் கட்டணம், குமாஸ்தா, வக்காலத்து. கட்சிக்காரர் பர்த்வானிலோ மிட்னாப்பூரிலோ இருப்பார். அவருடைய ஜில்லா வக்கீல்தான் கல்கத்தாவில் எந்த வக்கீலைப் பிடிப்பது என்று தீர்மானிப்பார். ஆகவே கல்கத்தா வக்கீலின் பிழைப்பு ஜில்லாக்களில் அவருக்கிருந்த பெயரைப் பொறுத்தது. பழைய சதர் கோர்ட்டுக்குப் பக்கத்திலிருந்த பவானிப்பூர் இப்படித்தான் வக்கீல்களின் பேட்டையாயிற்று.

முன்னே நடந்தவர்கள்

கோஷுக்கு முந்திய தலைமுறையில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை. சதர் கோர்ட்டின் ஆவணக் காப்பறையில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்த சம்புநாத் பண்டித், 1863இல் கல்கத்தா ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானார். அவருக்குப் பின் 1867இல் அந்த இடத்துக்கு வந்தவர் துவாரகாநாத் மித்ரா. ஹூக்ளிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்; தந்தை முக்தியார். 1865இல் 15 நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து கேட்ட ‘பெரிய குத்தகை வழக்கில்’ ரயத்துகளுக்காக வாதாடியது மித்ராதான். எதிர்ப்பக்கம் பெயர்பெற்ற ஆங்கில பாரிஸ்டர். வாதம் ஏழு நாள் நடந்தது. மித்ரா கட்டணம் வாங்கவில்லை. விலை உயர்ந்த விகிதத்துக்கு மேல் குத்தகையை உயர்த்தக்கூடாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அதன் பிறகு வக்கீல் என்றால் பாரிஸ்டருக்கு ஒரு படி கீழே என்று சொல்ல வாய் கூசியது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பானவர் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்த டி. முத்துசாமி ஐயர். கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கி, தேர்வு எழுதித் தரங்கம்பாடி முன்சீப்பாகி, மதராஸ் ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானவர். ஆனால் அவர் ஏறியது அரசு உத்தியோகத்தின் ஏணியில். வங்காளத்தில் கோஷும் மித்ராவும் ஏறியது தொழிலின் ஏணியில். பின்னால் அரசியலில் இறங்கும்போது இந்த வேறுபாடு கோஷுக்கு ஒரு சுதந்திரத்தைக் கொடுத்தது.

பர்த்வானும் பிரசிடென்சியும்

ராஷ்பிஹாரி கோஷ் 1845 டிசம்பர் 23 அன்று தோர்கோனாவில் பிறந்தார். தந்தை ஜகபந்து கோஷ். கண்டகோஷ் பகுதியைச் சேர்ந்த இந்தக் கிராமம் தாமோதர் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. ஜில்லாத் தலைநகரான பர்த்வான் ஆற்றுக்கு வடக்கே. பள்ளிக்கும் கோர்ட்டுக்கும் ரயிலுக்கும் ஆற்றைக் கடந்துதான் ஆக வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் தாமோதர் எப்படிப் பெருகும் என்பது வங்காளம் முழுதும் அறிந்த கதை.

1855இல் ஹௌராவிலிருந்து பர்த்வான் வழியாக ராணிகஞ்சுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கல்கத்தா அன்றிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் வந்துவிட்டது. பர்த்வான் ராஜ் பள்ளியில் படித்த கோஷ், பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். கல்கத்தா பல்கலைக்கழகம் தொடங்கிப் பத்து ஆண்டுகூட ஆகாத காலம் அது. 1866இல் ஆங்கிலத்தில் முதல் வகுப்பில் எம்.ஏ.; அடுத்து சட்டப் பட்டம்; 1867இல் ஹைகோர்ட்டில் வக்கீல். அதன் பிறகும் படிப்பை விடவில்லை. 1871இல் சட்டத்தில் ஆனர்ஸ் தேர்வு எழுதி வென்றார். 1884இல் பல்கலைக்கழகம் சட்டத்தில் டாக்டர் பட்டம் அளித்தது.

தொழிலின் தொடக்கம் மந்தமாகத்தான் இருந்தது. கிராமத்துப் பையனுக்குக் கட்சிக்காரரை அனுப்ப ஜில்லாவில் உறவினர் கூட்டம் வேண்டும். அல்லது பெரிய சீனியரின் நிழல் வேண்டும். இவருக்கு வழக்கு வராத ஆண்டுகள் நூலகத்தில் கழிந்தன. ரோமச் சட்டம், இங்கிலாந்தின் சமநீதி முறை, அமெரிக்கத் தீர்ப்புகள், தர்மசாஸ்திரம் என்று அவர் திரட்டிய படிப்பு பிறகு ஒவ்வொரு வாதத்திலும் வெளிப்பட்டது. பேர் வந்தபின் முன்கோபமும் பேர்பெற்றது. நீதிபதிகளிடம்கூடச் சுடச்சுடப் பேசிவிடுவார் என்பது கல்கத்தா கோர்ட்டில் எல்லோரும் அறிந்த சங்கதி. அவரிடம் தொழில் பழகியவர்களில் ஒருவர் ஆசுதோஷ் முகர்ஜி. கல்கத்தா பல்கலைக்கழகத்தைப் பின்னாளில் மாற்றியமைத்தவர். இந்தத் தொடர்பின் விளைவு கால் நூற்றாண்டு கழித்துத் தெரியும்.

அடமானம்: ஒரு நூலின் கதை

சதர் கோர்ட்டில் அரசு வக்கீலாக இருந்து பெரும் பொருள் சேர்த்த பிரசன்னகுமார் தாகூர், சட்டச் சொற்பொழிவுகளுக்காகத் தன் உயிலில் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்திவிட்டுப் போனார். 1870இல் தொடங்கிய இந்த தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் இந்தியச் சட்டக் கல்வியின் அடித்தளங்களில் ஒன்று. 1875–76க்கு அந்தப் பதவி முப்பது வயது கோஷுக்குக் கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்தியாவில் அடமானச் சட்டம். 1877இல் நூலாக வெளிவந்தது.

அந்தப் பொருளைத் தேர்ந்ததில்தான் கிராமத்தை அறிந்த வக்கீலின் புத்தி தெரிகிறது. அன்று இந்தியாவில் அடமானத்துக்கு ஒரே சட்டம் கிடையாது. வங்காளத்தில் கெடுவுக்குள் கடனைத் திருப்பாவிட்டால் ஈடு வைத்த நிலம் கிரயமாகிவிடும் என்ற நிபந்தனைக் கிரயம் பெருவழக்கு. அதைக் கட்டுப்படுத்த, 1806இன் 17ஆம் ஒழுங்குவிதி கோர்ட் நோட்டீஸுக்குப் பின் ஓராண்டு அவகாசம் கொடுத்தது. மதராஸ் மாகாணத்தில் அப்படி விதி எதுவும் இல்லை. அங்கே கோர்ட்டுகள் 1858இலிருந்து தாமாகவே கடனாளிக்கு நிலத்தை மீட்கும் உரிமை கொடுத்துவந்தன. 1870இல் பட்டாபிராமய்யர் – வெங்கடராவ் நாயக்கர் வழக்கில் பிரிவி கவுன்சில் குறுக்கிட்டு, பத்திரத்தில் கண்டபடிதான் நடக்க வேண்டும், கோர்ட்டுகள் புதிய உரிமையை உண்டாக்க முடியாது என்றது. 1875இல் தம்புசாமி முதலியார் – உசைன் ராவுத்தர் வழக்கில் அதே கருத்தைச் சொன்ன பிரிவி கவுன்சில், இதற்குள் ஏராளமான உரிமைகள் பழைய தீர்ப்புகளை நம்பி நிலைத்துவிட்டதையும் கண்டு, சட்டமன்றம்தான் இதைச் சரிசெய்ய வேண்டும் என்றது. கோஷ் சொற்பொழிவாற்றியது சரியாக இந்தக் குழப்பத்தின் நடுவில்.

அடமானத்தின் வகைகளை வரையறுத்து, ஒற்றி, நிபந்தனைக் கிரயம், சாதாரண ஈடு என ஒவ்வொன்றிலும் கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள உரிமைகளைப் பிரித்துக் காட்டி, இங்கிலாந்துச் சட்டம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று சொன்ன முதல் முழுமையான நூல் அவருடையது. 1882இல் சொத்துமாற்றச் சட்டம் அடமானத்துக்கு அத்தியாயம் ஒன்றை ஒதுக்கியபோது, அந்தத் துறையில் கையில் கிடைத்த இந்திய நூல் இதுதான். பிறகு பல பதிப்புகள் கண்டு, கோர்ட்டுகளில் மேற்கோளாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பட்டம், பதவி எதையும்விட இந்த ஒரு நூல்தான் கோஷின் சட்டப் புகழுக்கு ஆணிவேர்.

கட்டணப் பணம் அதற்குப் பிறகுதான் கொட்டியது. மேல்முறையீட்டுப் பிரிவில் முன்னணி வக்கீல் என்ற இடத்தை அவர் நூற்றாண்டு முடிவதற்குள் பிடித்துவிட்டார். அவருடைய கட்சிக்காரர்களில் ஜமீன்தார்களே அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை; ஹைகோர்ட்வரை வழக்காடப் பணம் யாரிடம் இருந்ததோ அவர்கள்தான் அங்கே கட்சிக்காரர்கள்.

சட்டமன்றத்தில் செய்த வேலை

ஆனால் சட்டம் இயற்றும் அவையில் உட்கார்ந்தபோது அவர் நினைவில் நின்றது சிறு உடைமையாளனின் கஷ்டம். 1890களின் தொடக்கத்தில் வைஸ்ராயின் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தபோது அவர் முன்வைத்து நிறைவேறிய இரண்டு காரியங்கள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

ஒன்று 1893இன் பாகப்பிரிவினைச் சட்டம். வங்காளத்தின் தாயபாக முறையில் ஒவ்வொரு பங்காளிக்கும் குறித்த பங்கு உண்டு. அதை அவர் வெளியாருக்கு விற்கலாம். தமிழ்நாட்டில் வழங்கிய மிதாட்சர முறையில் இது இவ்வளவு எளிதல்ல. எனவே வங்காளத்தில் பூர்விக வீட்டின் ஒரு பங்கை வாங்கிய அந்நியர், பாகம் பிரித்துத் தா என்று வழக்குப் போட்டு, ஒரே முற்றத்துக்குள் வந்து குடியேறும் நிலை அடிக்கடி வந்தது. இந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, குடும்பத்தார் விரும்பினால் கோர்ட் மதிப்பிட்ட விலைக்கு அந்தப் பங்கை அவர்களே வாங்கிக்கொள்ள வழி செய்தது. பிரிக்கவே முடியாத சிறு சொத்தை வெட்டிப் பாழாக்காமல் விற்றுப் பணத்தைப் பங்கிடவும் மற்றப் பிரிவுகள் இடம் கொடுத்தன. இன்றும் தமிழ்நாட்டு முன்சீப் கோர்ட்டுகளில் பூர்விக வீட்டு வழக்கு நடந்தால் இந்தச் சட்டத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

மற்றொன்று, சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1894இல் சேர்ந்த 310-ஏ பிரிவு. கடன் டிக்ரியை நிறைவேற்ற நிலம் ஏலம் போனபின் கடனாளிக்குக் கடைசி வாய்ப்பு ஒன்று இதனால் கிடைத்தது. டிக்ரிப் பணம் 80 ரூபாய், நிலம் ஏலத்தில் 200 ரூபாய்க்குப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். 30 நாளுக்குள் அந்த 80 ரூபாயையும், ஏலம் எடுத்தவருக்கு ஈடாக 200இல் நூற்றுக்கு ஐந்தான 10 ரூபாயையும் கோர்ட்டில் கட்டினால் ஏலம் ரத்து. ஏலத்தில் மோசடி நடந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சாட்சி வேண்டியதில்லை. சொற்ப விலைக்கு நிலத்தைத் தட்டிப் பறிக்கும் ஏலக்காரர்களின் பிழைப்பில் இது மண் போட்டது. இப்போது இதே ஏற்பாடு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளையில் 89ஆம் விதியாக இருக்கிறது; கெடு மட்டும் 60 நாளாக நீண்டிருக்கிறது. நாடறிந்த அரசியல் உரைகளைவிட இந்தச் சிறு பிரிவு காப்பாற்றிய காணி அதிகம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அரசியல்: சூரத்தும் மதராஸும்

அரசு அவருக்கு 1896இல் சி.ஐ.இ. பட்டம் கொடுத்தது. வைஸ்ராய் கர்சனின் ஆட்சி அந்த சுமுகத்தைக் கெடுத்தது. 1905 பிப்ரவரியில் கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் கீழைநாட்டாரின் உண்மைப் பற்றை கர்சன் இகழ்ந்து பேச, மறுமாதம் கல்கத்தா டவுன் ஹாலில் நடந்த கண்டனக் கூட்டத்துக்கு கோஷ் தலைமை வகித்தார். பிறகு வங்கப் பிரிவினை. 1906இல் கல்கத்தா காங்கிரஸின் வரவேற்புக் குழுத் தலைவர் அவர். 1907 நவம்பரில் சிம்லாவில் ராஜத்துரோகக் கூட்டச் சட்ட மசோதாவைச் சட்டமன்றத்தில் கோகலேயோடு சேர்ந்து எதிர்த்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில் சூரத் காங்கிரஸுக்குத் தலைவராக மிதவாதிகள் அவரை முன்மொழிந்தார்கள். தீவிரவாதிகள் லாலா லஜபதி ராயை விரும்பினார்கள். முதல் நாள் கூச்சலில் கழிந்தது. இரண்டாம் நாள் கோஷ் பேச எழுந்தபோது திலகர் மேடைக்கு வந்து திருத்தம் கொண்டுவரப் போவதாகச் சொல்ல, ஒரு செருப்பு பறந்து வர, நாற்காலிகள் உடைந்து, போலீஸ் வந்து பந்தலைக் காலி செய்தது. தலைமையுரை பேசப்படவே இல்லை.

அந்தப் பந்தலில் திலகர் பக்கம் நின்றவர்களில் இன்னொரு கிராமத்து வக்கீலும் இருந்தார்: ஒட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரம் பிள்ளை. வக்கீலின் மகன், பிளீடர் தேர்வு எழுதி ஊரிலேயே தொழில் தொடங்கி, தூத்துக்குடிக்கு வந்தவர். இருவருக்கும் இடையே ஒரு தலைமுறை. அதைவிடப் பெரிய இடைவெளி அரசியலில். கோஷ் சட்டமன்றத்துக்குள் நின்று பிரிவுகளைத் திருத்தலாம் என்று நம்பினார். வ.உ.சி. கப்பல் விட்டார், தொழிலாளரைத் திரட்டினார், 1908இல் தண்டனை பெற்றுச் சிறை புகுந்தார், வக்கீல் சன்னத்தையும் இழந்தார். அதே 1908 டிசம்பரில் மதராஸில் மிதவாதிகள் மட்டும் கூடிய காங்கிரஸுக்கு மீண்டும் கோஷ்தான் தலைவர். 1909இல் சி.எஸ்.ஐ., 1915இல் சர் பட்டம். அரசியல் தலைவர் என்ற வகையில் அவர் சாதித்தது கொஞ்சம்தான். அவருடைய வலிமை வேறிடத்தில் இருந்தது.

கட்டணப் பணம் கல்விக்கு வந்த வழி

1905 அக்டோபரில் வந்த கார்லைல் சுற்றறிக்கை, மாணவர்கள் அரசியலில் ஈடுபட்டால் பள்ளிகளின் மானியத்தை நிறுத்துவோம் என்று மிரட்டியது. அரசைச் சாராத கல்வி வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து உரம் பெற்றது. 1906 மார்ச் 11 அன்று தேசியக் கல்விக் கழகம் உருவாயிற்று. அதைக் கட்டியெழுப்பியவர்களில் சட்டக்காரர்கள் நிறைய: தலைவர் கோஷ், பாரிஸ்டர் ஆசுதோஷ் சௌதுரி, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தராக இருந்த முன்னாள் நீதிபதி குருதாஸ் பானர்ஜி, சட்டம் படித்துவிட்டுத் தொழிலைக் கைவிட்ட சதீஷ்சந்திர முகர்ஜி. சுபோத்சந்திர மல்லிக் ஒரு லட்சம் ரூபாய் தந்தார். கௌரிப்பூர் ஜமீன்தார் பிரஜேந்திர கிஷோர் ராய் சௌதுரி ஐந்து லட்சமும், மைமன்சிங் மகாராஜா இரண்டரை லட்சமும் தந்தார்கள். அதே ஆகஸ்டில் பௌபஜாரில் வங்க தேசியக் கல்லூரி திறந்தது. முதல்வர் அரவிந்த கோஷ்.

ஆரம்பத்திலேயே ஒரு பிணக்கு. பாரிஸ்டர் தாரகநாத் பாலித் முதலானோர் எல்லாத் துறைக் கல்வியும் இப்போது வேண்டாம், தொழில்நுட்பக் கல்வி போதும் என்று தனியே வங்கத் தொழில்நுட்பப் பயிலகத்தைத் தொடங்கினார்கள். 1910இல் இரண்டும் இணைந்தன. சுதேசி வேகம் தணிந்ததும் கலைக் கல்லூரி தேய்ந்து போயிற்று. தொழில்நுட்பப் பயிலகம் நிலைத்தது. வேலைக்கு உதவாத சான்றிதழுக்கு எந்தக் குடும்பம் பிள்ளையை எத்தனை நாள் அனுப்பும்?

இந்தக் கட்டத்தில் ஆசுதோஷ் முகர்ஜி உள்ளே வருகிறார். துணைவேந்தராக இருந்த அவர் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே அறிவியல் கல்லூரி கட்டத் திட்டமிட்டார். 1912இல் பாலித் தன் பெருஞ்செல்வத்தைத் தேசியக் கழகத்துக்குத் தராமல் அதற்குக் கொடுத்தார். 1913இல் கோஷும், தேசியக் கழகத்தின் தலைவராக இருந்துகொண்டே, தன்னிடம் தொழில் பழகியவரின் கல்லூரிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார். பயன்பாட்டுக் கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல் ஆகியவற்றில் நான்கு பேராசிரியர் பதவிகள் அவர் பெயரில் அமைந்தன. கணிதத்துக்கு கணேஷ் பிரசாத், இயற்பியலுக்கு தேவேந்திர மோகன் போஸ், தாவரவியலுக்கு அகர்கர் வந்தார்கள். பேராசிரியர்கள் இந்தியர்களாகவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பக்கத்து அறையில் பாலித் பெயரிலான இயற்பியல் பதவிக்கு 1917இல் அரசுக் கணக்குத் துறை வேலையை விட்டு வந்தவர் சி.வி. ராமன். அரசு நடத்தும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது தேசியக் கல்விக்குச் செய்த துரோகம் என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பலன்களை வைத்துப் பார்த்தால் அந்த முணுமுணுப்பு நிற்காது.

தேசியக் கழகத்தையும் அவர் மறக்கவில்லை. 1921 பிப்ரவரி 28 அன்று கோஷ் இறந்தார். உயிலின்படி கழகத்துக்கு வந்த சொத்து ஏறக்குறைய 13 லட்சம் ரூபாய். தோர்கோனாவில் தந்தை ஜகபந்துவின் பெயரில் உயர்நிலைப் பள்ளியும் அவர் கொடையால் நிலைத்தது.

ஜாதவ்பூர் பிறந்தது அந்த உயில் பணத்தில்தான். பணம் கைக்கு வந்ததும் கழகம் நகருக்குத் தெற்கே, அன்று வயலும் குட்டையுமாகக் கிடந்த ஜாதவ்பூரில், கல்கத்தா நகராட்சியிடமிருந்து ஏறத்தாழ 100 பிகா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. 1922 மார்ச் 11 அன்று, கழகம் தொடங்கிய அதே நாளில், ஆசுதோஷ் சௌதுரி முதல் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினார்; இன்று அரவிந்தர் பெயரில் வழங்கும் கட்டிடம் அது. 1924இல் வகுப்புகள் அங்கே மாறின. 1920களின் இறுதியில் தொழில்நுட்பப் பயிலகம் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் மாறியது. 1955 டிசம்பர் 24 அன்று அதுவே ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாயிற்று. முதல் தலைமை திரிகுண சென். ராமன் ஆய்வு செய்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகமும் 1950களின் தொடக்கத்தில் பௌபஜாரிலிருந்து ஜாதவ்பூருக்கே இடம் பெயர்ந்தது.

கோஷ் வாழ்ந்த தொழில் உலகம் அதற்குள் கலைந்துபோயிருந்தது. 1926இன் பார் கவுன்சில் சட்டம் வக்கீலையும் பாரிஸ்டரையும் பிரித்த வேலியைத் தளர்த்தியது. 1950களில் ஜமீன்தாரி முறை ஒழிந்து, பத்னியும் தர்பத்னியும் கோர்ட் ஏடுகளிலிருந்து மறைந்தன. 1961இன் வழக்குரைஞர் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே வகை வழக்குரைஞர் என்று வகுத்து, முக்தியார், பிளீடர், வக்கீல் என்ற பழைய படிகளுக்குப் புதிதாக ஆள் சேர்ப்பதை முடித்துவைத்தது.